எரிந்த அரங்கை இருந்தபடியே கட்ட முடியுமா? வெனிஸ் லா ஃபெனீச்சேயின் கதை

பழமையான கட்டடம் ஒன்று தீக்கிரையாகும் ஒவ்வொரு முறையும் அதே வாக்குவாதம் எழுகிறது. 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் எரிந்தபோது, அதன் கூம்புக் கோபுரத்தைப் பழையபடியே கட்டுவதா, இந்தக் காலத்து வடிவில் கட்டுவதா என்று ஒரு வருடத்துக்கு மேல் பேசினார்கள். 2024 ஏப்ரலில் கோபன்ஹேகனின் பழைய பங்குச் சந்தைக் கட்டடம் எரிந்தபோதும் இதே கேள்வி வந்தது. பழையபடி கட்டினால் அது வெறும் நகல்தானே என்கிறது ஒரு தரப்பு. நகரத்தின் முகத்தை மாற்ற யாருக்கு உரிமை இருக்கிறது என்கிறது இன்னொரு தரப்பு.

இதில் கலையரங்குகளின் விஷயம் கொஞ்சம் தனி. தேவாலயத்தையோ சந்தையையோ கண்ணால் பார்த்தே ஓரளவு மதிப்பிட்டுவிடலாம். அரங்கைக் காதாலும் மதிப்பிட வேண்டும். அதைப் புரிந்துகொள்ள இத்தாலியின் வெனிஸ் நகரில் இருக்கும் லா ஃபெனீச்சே ஓபரா அரங்கைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். இரண்டு முறை முழுவதுமாக எரிந்து, இரண்டு முறையும் எழுந்த அரங்கு அது.

அரங்கு உருவான விதம்

ஓபரா என்பது பாட்டாலேயே நடத்தப்படும் நாடகம். நம் பழைய நாடக மேடையில் போலவே வசனத்தின் வேலையையும் பாட்டே செய்யும். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் வாத்தியக் குழு அமர்ந்திருக்கும். பாடகர்களுக்கு மைக் கிடையாது. இது முக்கியமான விஷயம், பின்னால் தேவைப்படும்.

18ஆம் நூற்றாண்டில் வெனிஸின் முதன்மையான ஓபரா அரங்கு சான் பெனெடெட்டோ. அதை நடத்திவந்தது பிரபுக்களின் சங்கம் ஒன்று. 1770களில் அந்த அரங்கு எரிந்தது. திரும்பக் கட்டிய பிறகு, நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பத்தோடு வழக்கு வந்தது. வழக்கில் தோற்ற சங்கம் அந்த அரங்கை விட்டு வெளியேறி, சொந்தமாக வேறோர் அரங்கைக் கட்ட முடிவு செய்தது. சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையின் பெயரை அதற்கு வைத்தார்கள், இத்தாலியில் அது ஃபெனீச்சே. கட்டடக் கலைஞர் ஜானன்டோனியோ செல்வா வரைந்த அந்த அரங்கின் வேலை 1790இல் தொடங்கியது. 1792 மே 16 அன்று அரங்கு திறக்கப்பட்டது.

செல்வாவுக்குக் கிடைத்தது கோணல்மாணலான நிலம். ஒரு பக்கம் சான் ஃபன்டின் என்ற சிறு சதுக்கம், மறுபக்கம் கால்வாய். அதனால் நடந்து வருபவர்களுக்கு ஒரு வாசலும் படகில் வருபவர்களுக்கு ஒரு வாசலும் வைத்தார். உள்ளே குதிரை லாட வடிவில் பாக்ஸ் இருக்கைகள் அடுக்கடுக்காக உயர்ந்தன. நம் ஊர்ப் பழைய சினிமா கொட்டகைகளில் பாக்ஸ் என்று சொல்வோமே, அதற்கு மூலம் இந்த மாதிரி அரங்குகள்தான். பெரும்பாலான பாக்ஸ்கள் குடும்பங்களின் சொந்தச் சொத்து.

1836 டிசம்பரில் முதல் தீ. மெதூனா சகோதரர்கள் ஒரே வருடத்தில் மீண்டும் கட்டி, 1837 டிசம்பர் 26 அன்று திறந்துவிட்டார்கள். 1854இல் உள் அலங்காரம் மறுபடி மாறியது. இந்த இரண்டு வருடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ஐந்து ஓபராக்கள் முதன்முதலாக மேடையேறியது இங்கேதான்: எர்னானி (1844), அட்டிலா (1846), ரிகொலெட்டோ (1851), லா ட்ராவியாட்டா (1853), சிமோன் பொக்கனேக்ரா (1857). இன்று உலகமெங்கும் கொண்டாடப்படும் லா ட்ராவியாட்டா, முதல் இரவில் இங்கே தோல்வியடைந்தது. அதற்கும் முன்னால் ரொசீனியின் தன்க்ரெடி, செமிராமிதே. 20ஆம் நூற்றாண்டில் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி, பெஞ்சமின் பிரிட்டன் ஆகியோரின் புதிய ஓபராக்கள். இவற்றில் பெரும்பாலானவை இந்த அரங்கின் மேடைக்காகவே எழுதப்பட்டவை. அரங்கின் மதிப்பு தங்கப் பூச்சில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1996 ஜனவரி 29 இரவு

அப்போது அரங்கு சில மாதங்களாக மூடிக் கிடந்தது. பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, மின் இணைப்புகளையும் பாதுகாப்பு வசதிகளையும் புதுப்பிப்பது அதில் ஒரு பகுதி. வசந்தத்தில் திறப்பதாகத் திட்டம். இரவு ஒன்பது மணிவாக்கில் தீ தெரிந்தது. விடியும்போது வெளிச்சுவர்கள் மட்டும் மிச்சம். உயிர்ச்சேதம் இல்லை.

இவ்வளவு வேகமாக எல்லாம் போனதற்கு நான்கு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன.

1. உள்பகுதி முழுவதும் மரம். பாக்ஸ்கள், தரை, கூரையின் சட்டங்கள், மேடை எல்லாமே பல தலைமுறைகளாகக் காய்ந்த மரம். அலங்காரத்தில் பெரும்பங்கு காகிதக்கூழும் துணியும் வர்ணமும்.

2. தீ எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்யும் நிலையில் இல்லை. புதுப்பிப்பு வேலைக்காகப் பழையதை நிறுத்தியிருந்தார்கள், புதியது இயங்கத் தொடங்கவில்லை.

3. பக்கத்துக் கால்வாயில் தண்ணீரே இல்லை. தூர் வாருவதற்காக வற்ற வைத்திருந்தார்கள். வெனிஸில் தீயணைப்பு வண்டி என்றால் படகுதான். படகும் கிட்டே வர முடியவில்லை, உறிஞ்சுவதற்குத் தண்ணீரும் இல்லை. தொலைவிலிருந்து குழாய் இழுக்க வேண்டியிருந்தது. ஹெலிகாப்டர் ஒன்று காயலிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொட்டியது.

4. சந்துகளின் நெருக்கம். தீயணைப்புப் படை ஒரு கட்டத்தில் அரங்கைக் காப்பாற்றும் முயற்சியை விட்டுவிட்டு, சுற்றியிருந்த வீடுகளைக் காப்பதில் இறங்கியது. அது சரியான முடிவு. நகரத்தின் அந்தப் பகுதியே போயிருக்கலாம்.

விசாரணையில் முதலில் அலட்சியம் என்று நினைத்தார்கள், பிறகு தீ வைக்கப்பட்டது என்று தெரிந்தது. அங்கே மின்வேலை செய்துவந்த சிறிய நிறுவனத்தைச் சேர்ந்த இருவர், உறவினர்கள், வேலை தாமதமானதற்கான அபராதத்திலிருந்து தப்பிக்கத் தீ வைத்தார்கள் என்று நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. ஒருவருக்கு ஏழு ஆண்டு, மற்றவருக்கு ஆறு ஆண்டு சிறை.

பழுதுபார்க்கும்போதே ஏன் எரிகின்றன?

லா ஃபெனீச்சேயில் நடந்தது குற்றச்செயல். ஆனால் அந்தக் குற்றம் இவ்வளவு பெரிய அழிவாக முடிந்ததற்குப் பழுதுபார்ப்புக் காலம்தான் வழிவிட்டது. நோத்ர தாம் புதுப்பிப்பு வேலை நடக்கும்போது எரிந்தது. கோபன்ஹேகன் பங்குச் சந்தையும் அப்படித்தான். பார்சிலோனாவின் லிசெயு ஓபரா அரங்கு 1994 ஜனவரியில் எரிந்ததற்கு, மேடைத் திரையருகே நடந்த பற்றவைப்பு வேலையிலிருந்து தெறித்த பொறி காரணம். கிளாஸ்கோவின் கலைப் பள்ளி 2014இல் எரிந்து, திரும்பக் கட்டும்போதே 2018இல் மீண்டும் எரிந்தது.

வேலை நடக்கும் கட்டடத்தில் நெருப்புக்கு வாய்ப்பு கூடுகிறது: பற்றவைப்பு, வர்ணக் கரைப்பான்கள், தற்காலிக மின்கம்பிகள், பல ஒப்பந்ததாரர்களின் ஆட்கள். அதே நேரத்தில் தடுப்பு குறைகிறது: எச்சரிக்கைக் கருவிகள் துண்டிக்கப்பட்டிருக்கும், கதவுகளும் தடுப்புச் சுவர்களும் கழற்றப்பட்டிருக்கும், இரவில் ஆள் இருக்காது. பழைய கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்ற முடிவெடுத்த நகராட்சி, வேலை முடியும் வரையான இரவுக் காவலுக்கும் தற்காலிகத் தீயணைப்பு ஏற்பாட்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். இந்தச் செலவைக் கூடுதல் செலவாகப் பார்க்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது, அது மாற வேண்டும்.

மூன்று வழிகள்

அழிந்த அரங்கை மீட்க ஐரோப்பாவில் மூன்று வழிகள் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தன.

1. பழையபடியே கட்டுவது. மிலானின் லா ஸ்காலா 1943இல் குண்டுவீச்சில் சிதைந்தது. போர் முடிந்த மறு வருடமே, 1946 மே மாதம், பழைய தோற்றத்திலேயே திறந்தார்கள். தொஸ்கனீனி இசைக்குழுவை நடத்தினார்.

2. முகத்தைக் காத்து உள்ளுறுப்பை மாற்றுவது. லிசெயுவில் பார்வையாளர் கூடத்தைப் பழையபடி செய்தார்கள். மேடையையும் அதன் பின்பகுதியையும் பெரிதாக்கி நவீன இயந்திரங்கள் வைத்தார்கள். 1999 அக்டோபரில் திறந்தது.

3. புதிதாகக் கட்டுவது. ஜெனோவாவின் கார்லோ ஃபெலீச்சே போரில் சிதைந்து பல பத்தாண்டுகள் கிடந்தது. கடைசியில் கட்டடக் கலைஞர் ஆல்டோ ரொஸ்ஸியின் பங்களிப்போடு முற்றிலும் வேறு மாதிரி எழுந்தது. 1991இல் திறந்த அந்தக் கூடத்தின் பக்கச் சுவர்கள், ஒரு சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் வீடுகளின் முகப்பைப் போல இருக்கும்.

வெனிஸின் அப்போதைய மேயர் மஸ்ஸிமோ கச்சாரி, தத்துவப் பேராசிரியர். தீக்குப் பிறகு உடனேயே அவர் அறிவித்தது: இருந்தபடியே, இருந்த இடத்திலேயே. இது அவர் புதிதாகச் சொன்னதல்ல. 1902இல் சான் மார்கோ மணிக்கூண்டு இடிந்து விழுந்தபோது வெனிஸ் எழுப்பிய முழக்கம் அது. அந்தக் கோபுரம் 1912இல் அப்படியே திரும்ப எழுந்தது.

எதிர்ப்பும் இருந்தது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1964இல் இதே வெனிஸில் கூடிய வல்லுநர்கள் உருவாக்கிய சாசனம்தான் உலகம் முழுவதும் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக்கு அடிப்படை. ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே மீட்பு வேலை நின்றுவிட வேண்டும் என்று அது சொல்கிறது. அப்படியிருக்க, சாம்பலிலிருந்து தங்க வேலைப்பாட்டை ஊகித்துச் செய்வது எப்படிச் சரியாகும்? அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: "இருந்தபடி" என்றால் எந்த வருடத்தில் இருந்தபடி? செல்வாவின் 1792 அரங்கு என்றைக்கோ எரிந்துபோனது. 1996இல் எரிந்தது மெதூனாவின் 1837 அரங்கு, அதன் மேல் 1854 அலங்காரம், அதன் மேல் 1930களின் மாற்றங்கள். நகல் எடுக்கப்போவது ஏற்கெனவே ஒரு மறுகட்டுமானத்தைத்தான்.

எனக்கு மேயரின் முடிவே சரியென்று படுகிறது. காரணம் உணர்ச்சி அல்ல, ஒலி. வீணைக்குக் குடம் எப்படியோ, பாடகர்களுக்கு அரங்கின் உட்கூடு அப்படி. மைக் இல்லாத கலையில் சுவரும் மரமும் சேர்ந்துதான் குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகின்றன. வெர்டி எந்த உட்கூட்டுக்காக எழுதினாரோ அதை ஓரளவாவது திரும்பப் பெற முடியுமென்றால் அதைச் செய்வதில் பொருள் இருக்கிறது. முடியுமா என்பதுதான் கேள்வி, அது சான்றுகளைப் பொறுத்தது.

சான்றுகள் எங்கிருந்து வந்தன?

வரைபடங்களும் புகைப்படங்களும் இருந்தன. ஆனால் பழைய புகைப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வண்ணத்துக்கு உதவியது ஒரு சினிமா. இயக்குநர் லுகீனோ விஸ்கொந்தி 1954இல் எடுத்த சென்ஸோ படத்தின் தொடக்கக் காட்சி இந்த அரங்குக்குள்ளேயே வண்ணத்தில் படமாக்கப்பட்டது. வேலை செய்தவர்கள் அந்தக் காட்சியை ஆராய்ந்து அலங்கார விவரங்களைச் சரிபார்த்தார்கள்.

ஒலிக்கான சான்று கிடைத்ததுதான் பெரிய அதிர்ஷ்டம். தீக்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்னால், லம்பெர்தோ த்ரொன்கின், ஏஞ்செலோ ஃபரீனா என்ற இரண்டு ஒலியியல் ஆய்வாளர்கள் அந்த அரங்கின் ஒலியை அளந்து பதிவு செய்திருந்தார்கள்.

அளப்பது என்றால் என்ன? அரங்குக்குள் திடீரென்று ஒரு வெடிச்சத்தம் எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். முதலில் அந்தச் சத்தம் நேராகக் காதுக்கு வரும். அப்புறம் பக்கச் சுவரிலும் கூரையிலும் பாக்ஸ்களின் முகப்பிலும் பட்டுத் திரும்பிய சத்தங்கள் அடுத்தடுத்து வரும். கடைசியில் எல்லாம் கலந்து தேய்ந்து மறையும். எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு பலத்தோடு திரும்பி வந்தது என்ற விவரம் முழுவதும் அந்தப் பதிவில் இருக்கும். அதைக் கூடத்தின் ஒலிக் கையெழுத்து என்றே சொல்லலாம். பல இருக்கைகளில் இதைப் பதிந்தால் அரங்கு எரிந்த பின்னும் அதன் ஒலி கணினியில் இருக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் முக்கிய எண் எதிர்முழக்க நேரம், அதாவது சத்தம் நின்ற பிறகு அதன் எச்சம் முழுவதும் தேய எடுக்கும் நொடிகள். பெரிய வாத்தியக் குழுக்கள் வாசிக்கும் சிம்ஃபனிக் கூடங்களில் இது இரண்டு நொடியை ஒட்டி இருக்கும். இசை வழிந்து நிறையும், ஆனால் பாடும் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். ஓபராவில் சொல் புரிய வேண்டும், அதனால் இத்தாலிய மரபு அரங்குகளில் இது குறைவு. அடுக்கடுக்கான பாக்ஸ்களும் துணிகளும் ஆட்களும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதே காரணம்.

இதனால்தான் பொருள்களைப் பற்றிய முடிவுகள் அழகு சார்ந்தவை மட்டும் அல்ல என்று ஆகிறது. பாக்ஸின் முன்பக்கம் மரமா காங்கிரீட்டா, அலங்காரம் காகிதக்கூழா வார்ப்புப் பிளாஸ்டிக்கா என்பது ஒலியை மாற்றும். மெல்லிய மரப்பலகை தாழ்ந்த சுருதி ஒலிகளில் அதிர்ந்து கொஞ்சம் விழுங்கும், காங்கிரீட் அப்படியே திருப்பி அடிக்கும். அதனால் தீப்பிடிக்கும் என்று தெரிந்தும் பார்வையாளர் கூடத்தை மரத்திலேயே கட்டினார்கள். காகிதக்கூழ் வேலைப்பாட்டையும் தங்க ரேக்கு ஒட்டுவதையும் கைவினைஞர்கள் பழைய முறையில் செய்தார்கள். ஒலி ஆலோசனை ஜெர்மானிய வல்லுநர் யூர்கன் ரைன்ஹோல்டுடையது.

எல்லாமே நகல் அல்ல. மேடை இயந்திரங்கள், தீத்தடுப்பு ஏற்பாடுகள் எல்லாம் புதியவை. இருக்கைகள் சுமார் 840இலிருந்து ஆயிரமாகக் கூடின. கண்ணுக்குப் படாத இடத்தில் இந்தக் காலம், கண்ணுக்கும் காதுக்கும் படும் இடத்தில் அந்தக் காலம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

ஏன் எட்டு வருடம் ஆயிற்று?

1837இல் ஒரே வருடத்தில் முடிந்த வேலை 1996க்குப் பிறகு ஏறத்தாழ எட்டு வருடம் இழுத்தது. தொழில்நுட்பம் இதற்குக் காரணமல்ல. டெண்டர்தான் காரணம்.

முதல் போட்டியில் 1997இல் இம்பிரெஜிலோ என்ற இத்தாலிய நிறுவனம் வென்றது. அதன் கட்டடக் கலைஞர் கே அவுலெந்தி. இரண்டாவதாக வந்தது ஹோல்ஸ்மன் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் கூட்டணி, அதன் வடிவமைப்பு ஜெனோவா அரங்கில் பங்கெடுத்த அதே ஆல்டோ ரொஸ்ஸி. வென்றவர்களின் திட்டத்தில் போட்டி விதி கேட்ட தென்பகுதி விட்டுப்போயிருக்கிறது என்று இரண்டாவது தரப்பு வழக்குப் போட்டது. இடையில் 1997 செப்டம்பரில் ரொஸ்ஸி விபத்தில் இறந்துவிட்டார். 1998 பிப்ரவரியில் உயர் நிர்வாக நீதிமன்றம் முதல் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. தொடங்கிய வேலை நின்றது. இறந்துபோன கலைஞரின் வரைபடத்தை வைத்து இன்னொரு நிறுவனம் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

அதுவும் நகரவில்லை. பணத்தகராறும் தாமதமும் முற்றி, 2001இல் அடுத்த மேயர் பவுலோ கொஸ்தா அந்த ஒப்பந்தத்தையும் முறித்தார். மறு டெண்டரில் சகாயிம் என்ற வெனிஸ் வட்டார நிறுவனம் வேலையை எடுத்தது. 2002இல் மறுபடி தொடங்கிய பிறகு இரண்டு வருடத்துக்குள் முடிந்தது. மொத்தச் செலவு சுமார் 9 கோடி யூரோ. எட்டு வருடத்தில் உண்மையான கட்டுமானம் எவ்வளவு, வழக்கும் காத்திருப்பும் எவ்வளவு என்று பார்த்தால், விதிமுறை ஆவணத்தில் விட்டுப்போன ஒரு பகுதி எவ்வளவு விலை வாங்குகிறது என்பது புரியும்.

கட்டடம் இல்லாத காலத்தில்

இந்தப் பகுதியைப் பலர் பேசுவதில்லை. அரங்கு எரிந்த பிறகு அதன் வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் கலையவில்லை. வெனிஸின் விளிம்பில் த்ரொன்கெத்தோ என்ற செயற்கைத் தீவில் பெரிய கூடாரம் ஒன்றை அமைத்து, பாலாஃபெனீச்சே என்று பெயரிட்டு, அங்கே நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தார்கள். நகரத்தின் இன்னொரு பழைய அரங்கான மலிப்ரான் புதுப்பிக்கப்பட்டு 2001இல் திறந்ததும் அங்கேயும் வாசித்தார்கள்.

கூடாரத்தின் ஒலி அரங்கின் ஒலிக்கு ஈடாகாது. ஆனால் எட்டு வருடம் சும்மா இருந்திருந்தால், திறப்பு நாளில் வாசிக்கக் குழுவே இருந்திருக்காது. கட்டடத்தை வரைபடத்திலிருந்து எழுப்பலாம், சேர்ந்து வாசித்துப் பழகிய நூறு பேரை அப்படி எழுப்ப முடியாது. அரங்கை மூடிப் புதுப்பிக்கும் எந்த நகராட்சியும், குழுக்கள் அதுவரை எங்கே மேடையேறும் என்ற ஏற்பாட்டைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

திறந்த பிறகு

2003 டிசம்பர் 14 அன்று ரிக்கார்தோ முத்தி நடத்திய கச்சேரியோடு அரங்கு திறந்தது. முதல் முழு ஓபரா 2004 நவம்பரில், லா ட்ராவியாட்டா. வெர்டி பின்னால் திருத்திய வடிவத்தை விட்டு, 1853இல் இதே மேடையில் தோற்ற முதல் வடிவத்தை எடுத்தார்கள். 2004இலிருந்து ஒவ்வொரு புத்தாண்டு நாளிலும் இங்கிருந்து ஒளிபரப்பாகும் கச்சேரியை இத்தாலி முழுவதும் பார்க்கிறது.

தீயிலிருந்து மீண்ட அரங்குக்கு அடுத்த சோதனை தண்ணீரில் வந்தது. 2019 நவம்பர் 12 அன்று வெனிஸில் கடல் ஏற்றம் 187 சென்டிமீட்டரைத் தொட்டது, 1966க்குப் பிறகு அவ்வளவு உயர்ந்ததில்லை. அரங்கின் கீழ்ப்பகுதியில் உப்புத் தண்ணீர் புகுந்து மின் அமைப்புகளைப் பாதித்தது. ஆனாலும் அந்த மாதக் கடைசியில் புதிய நிகழ்ச்சிப் பருவம் திட்டமிட்டபடி தொடங்கிவிட்டது. 2020 அக்டோபரிலிருந்து காயலின் வாய்களில் உள்ள கடல் தடுப்புக் கதவுகள் பெரிய கடல் ஏற்றங்களின்போது எழுப்பப்படுகின்றன, அரங்குக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஆள் குறைவது இதைவிடக் கடினமான விஷயம். 1951இல் வெனிஸின் தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. ஆயிரம் இருக்கைகளைச் சுற்றுலாப் பயணிகளை வைத்து நிரப்பிவிடலாம். ஆனால் பயணிக்குத் தெரிந்த பெயர் லா ட்ராவியாட்டா. புதிய இசையமைப்பாளரின் முதல் ஓபராவுக்கு வந்து உட்கார்ந்து, பிடிக்காவிட்டால் கூச்சல் போட்டு, பத்து வருடம் கழித்து அதைக் கொண்டாடும் உள்ளூர்க் கூட்டம் இருந்ததால்தான் 1853இல் இந்த அரங்கு வெர்டிக்குப் பயன்பட்டது. பக்கத்துச் சந்துகளில் மீண்டும் குடும்பங்கள் வசிக்க வழிசெய்யும் வீட்டுவசதிக் கொள்கையும் இந்த அரங்கின் மீட்புப் பணியில் ஒரு பகுதிதான், அது இன்னும் முடியவில்லை.